கெசியாவின் தறியில் நாற்பது ஊடை

கெசியா தரோகுட் என்பவளை நினைத்தால் இன்றும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. கோபம் அவள் மீதல்ல.

இங்கிலாந்தில், எங்கள் பிரெய்ன்ட்ரீ பட்டு ஆலையில் இருபத்திரண்டு வருஷம் அவள் பக்கத்துத் தறியில் நெய்தேன். கறாரானவள். ரொட்டியில் பன்றிக்கொழுப்பு தடவித் தின்றால், சோடாக்காரம் போட்டுக் கைகழுவாமல் பட்டைத் தொடமாட்டாள். தொட்டவளையும் விடமாட்டாள்.

அந்த வருஷம் அரண்மனை வரவேற்பறைச் சுவருக்குச் சிவப்புப் பூப்பட்டு அவள் கையில் இருந்தது. ஒரு நீளத் துணியைத் தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே ஆள்தான் நெய்யவேண்டும். ஊடையை, அதாவது குறுக்கு நூலை, அடித்து இறுக்கும் அடி ஆளுக்கு ஆள் மாறும். நடுவில் வேறு கை பட்டால் பூ நசுங்கிவிடும். பூ முகம் கீழ்ப்பக்கம்தான் விழும் என்பதால், நாங்கள் துணிக்கு அடியில் கைக்கண்ணாடி பிடித்துத்தான் பார்ப்போம்.

அரண்மனையிலிருந்து ஒரு பெரியமனிதர் பார்க்க வந்த காலை, மேலாளர் பெட்லி வந்து நின்றார்.

"கெசியா, நீ கொஞ்சம் நூல் அறையில போய் இரு. அடிலா உக்காரட்டும்."

அடிலா அவருடைய அண்ணன் மகள். வெள்ளை ஏப்ரன், சுருட்டிவிட்ட முடி.

"இன்னும் பாதி நீளம்தான் ஆயிருக்கு ஐயா. வேற கை படக்கூடாது."

"சும்மா நாடாக்கட்டைய வீசற மாதிரி பாவனை பண்ணுவா. உன் மூஞ்சிய வந்தவருக்குக் காட்டவா சொல்ற?"

அந்தப் பெண் பாவனை செய்யவில்லை. கைதட்டல் கேட்டதும் குஷியாகி நாற்பது ஊடை அடித்தாள். பக்கத்துத் தறிகளில் இருந்த நாங்கள் ஐந்து பேரும் வாயை மூடிக்கொண்டு பார்த்தோம்.

கெசியா திரும்பி வந்து கண்ணாடி பிடித்தாள். ஒரு வரிசைப் பூ முழுக்கச் சப்பையாகிக் கிடந்தது.

"பிரிச்சுட்டுத் திரும்ப நெய்யறேன் ஐயா."

"அதுக்கு நேரமில்ல. மேல நெய். எவன் பாக்கப்போறான்?"

பார்த்தார்கள். மூன்று வாரம் கழித்து, நீளத்தைத் தறியிலிருந்து அறுத்துச் சோதனை மேஜையில் விரித்ததும் முதலாளி விரலை வைத்ததே அந்த இடத்தில்தான். பெட்லி கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை.

"வயசாயிடுச்சு, கை தளர்ந்துபோச்சு. தறிய மாத்திடலாம்னு நானே சொல்ல இருந்தேன்."

கெசியா எங்கள் பக்கம் திரும்பினாள். "யார் அடிச்சாங்கன்னு சொல்லுங்கடி. அஞ்சு பேரு பாத்தீங்கல்ல?"

யாரும் பேசவில்லை. நானும்தான். என் செருப்பு வாரில் ஏதோ அதிசயம் இருப்பதுபோல அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். சீ, என்ன பிறவி நான்!

மறுநாள் அவளை நூல் சுற்றும் அறைக்கு அனுப்பினார்கள். அவள் தறியை எனக்குக் கொடுத்தார்கள். நானும் வேண்டாம் என்னாமல் போய் உட்கார்ந்தேன்.

ஏப்ரனை மடித்து எடுத்துக்கொண்டவள், தன் கைக்கண்ணாடியை மட்டும் என் மடியில் வைத்தாள்.

"வெச்சுக்கோ. துணிக்கு அடியிலயே பிடி. தப்பித்தவறி உன் மூஞ்சிய அதுல பாத்துடாதே, தாங்கமாட்டே."

ஒன்பது வருஷமாகத் துணிக்கு அடியில் மட்டும்தான் பிடிக்கிறேன்.