மின்னலும் மழையும் பேசிக்கொள்வதில்லை

ஸ்டூடியோவில் அவனுக்கு மின்னல் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவனே திரும்பிப் பார்க்க மாட்டான். படத்தில் புயல் அடிக்கும்போது கதாநாயகியின் முகத்தில் பளிச்சென்று ஒரு வெளிச்சம் விழுந்து மறைகிறதே, அது அவன் கைவேலை. ஆளுயர விளக்கு, அதன் முகத்தில் வரிசையாகத் தகரத் தகடுகள், பக்கத்தில் ஒரு கைப்பிடி. பிடியை வெட்டி இழுத்தால் தகடுகள் திறந்து மூடும். ஒரே சீராக இழுத்தால் கெட்டுப்போன டியூப்லைட் மாதிரி அசிங்கமாக இருக்கும். சின்னதாக இரண்டு வெட்டு, கொஞ்சம் இருட்டு, அப்புறம் பெரிதாக ஒரு வெட்டு. அதில் அவனை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. முன்கோபத்திலும் கிடையாது. வாயைத் திறந்தால் சண்டை, மூடினால் முறைப்பு.

அவனுடைய ஜென்மப் பகையாளியும் அங்கேயே இருந்தான். உயரத்தில் பலகை கட்டி, குழாய் பிடித்து, மழை பெய்யவைக்கிறவன். அதனால் அவன் மழை. மின்னலின் மனைவிக்குக் கூடப்பிறந்த அண்ணன். முன்பொரு நாள் மழை குழாயைத் திருப்பிய வேகத்தில், கொதித்துக் கிடந்த விளக்குக் கண்ணாடியில் தண்ணீர் பட்டு அது வெடித்தது. ஒரு சில்லு மின்னலின் தாடையைக் கிழித்துவிட்டது. காற்று அடித்தது, நான் என்ன செய்ய என்று கையை விரித்தான் மழை. நாலு பக்கமும் மூடிய கொட்டகைக்குள் எந்தக் காற்றய்யா அடித்தது என்று மின்னல் கேட்டான். மன்னிப்பு மட்டும் வரவில்லை. அன்றோடு பேச்சு அறுந்தது.

பேச்சுதான் அறுந்தது, பகை ஜோராக வளர்ந்தது. மின்னல் இடது என்றால் மழை வலது. டீ நன்றாயிருக்கிறது என்று மின்னல் யாரிடமாவது சொன்னால் போதும், மழை தன் கையிலிருக்கும் டீயைத் தரையில் கொட்டுவான். இதெல்லாம் போகட்டும். விளக்கை வெட்டுவதற்கு முன் மின்னல் "கண்ணு" என்று கத்துவான். கேமராவுக்கு முன்னால் இல்லாத எல்லோரும் தலையைக் குனிந்துகொள்ள வேண்டும், இல்லாவிட்டால் கொஞ்ச நேரத்துக்குக் கண்ணே தெரியாது. மழை மட்டும் குனிய மாட்டான். அவன் கத்தி நான் குனிவதா என்று வெளிச்சத்தையே முறைத்துக்கொண்டு நிற்பான். இப்படியும் ஒரு வீம்பு!

இது எப்படியோ வீட்டுக்குத் தெரிந்துவிட்டது. மறுபடி மழைக் காட்சி என்ற அன்று காலை, மனைவி வாசல்வரை வந்தாள்.

"எங்கண்ணனுக்கு உங்க வெளிச்சத்தால ஏதாவது ஆச்சு, திரும்பி இந்த வீட்டுப் படி ஏறாதீங்க."

அவள் சொன்னால் செய்கிறவள். யாருக்கும் அடங்காத மின்னல் அவளுக்கு மட்டும் அடங்குவான். அவள் இல்லாத வீட்டை நினைத்துப் பார்க்கவே அவனுக்குப் பயமாக இருந்தது.

கொட்டகையை இருட்டாக்கினார்கள். செட்டில் போட்ட ஜன்னலுக்கு வெளியே குழாய்த் தண்ணீர் மழையாகக் கொட்டியது. அதற்கு மேலே, ஈரப் பலகையில், அந்தப் பகையாளி. மின்னல் வழக்கத்தைவிட உரக்கவே "கண்ணு" என்று கத்தினான். மேலே தலை குனியவில்லை. இரண்டு சின்ன வெட்டு. கொஞ்சம் இருட்டு. பெரிய வெட்டு. அந்த வெளிச்சத்தில் பார்த்தான்: மழையின் ஒரு கால் குருடன் கால் போலப் பலகையைத் தடவிக்கொண்டிருந்தது. பாதிப் பாதம் விளிம்புக்கு வெளியே. கீழே சிமெண்டுத் தரை.

மறுபடி இருட்டு. நில் என்று சொல்ல வாயெடுத்தான். சொன்னால் அந்த வீம்பு பிடித்தவன் கட்டாயம் நடப்பான். ஓடிப்போய்ப் பிடிக்க நேரமில்லை.

"நடடா! ஆம்பளையா இருந்தா இன்னும் ஒரு அடி முன்னால வைடா. விழுந்து தொலை!"

"நீ சொல்லி நான் நடக்கணுமாடா?" என்று மேலிருந்து குரல் வந்தது. குழாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, விளக்குகள் போடும்வரை அவன் நகரவே இல்லை. வெளிச்சம் வந்ததும் காலைப் பார்த்தான், பலகையிலேயே உட்கார்ந்துவிட்டான். கீழே இருந்தவர்களுக்கோ காதில் விழுந்தது மட்டும்தான் கணக்கு. நீயெல்லாம் மனுஷனா என்று இயக்குநர் மின்னலைக் கொட்டகையைவிட்டு வெளியே அனுப்பினார்.

நேரே வீட்டுக்குப் போகத் தைரியமில்லாமல் தெருத் தெருவாகச் சுற்றிவிட்டுச் சாயங்காலம் போனான். மழை முந்திக்கொண்டு வந்து கூடத்தில் உட்கார்ந்திருந்தான். மனைவி வாசலை மறித்துக் கையை வைத்திருந்தாள்.

"விழுந்து சாகச் சொன்னான்மா உன் புருஷன். கொட்டகையே கேட்டுச்சு."

மின்னல் படிக்குக் கீழேயே நின்றான். விளக்கம் சொன்னால் அவனிடம் நன்றி கேட்டு நிற்கிற மாதிரி ஆகும். அதற்குத் தெருவிலேயே படுத்துக்கொள்ளலாம்.

அவள் அண்ணனைத் திரும்பிப் பார்த்தாள். கால் அப்போது எங்கே இருந்தது என்று கேட்டாள். பாதி வெளியே என்றான்.

"அவர் நில்லுன்னு சொல்லியிருந்தா நின்னிருப்பியா?"

எப்படி நிற்பேன் என்று ஆரம்பித்தவன் அப்படியே வாயை மூடிக்கொண்டான். முகம் செத்துப்போயிற்று. அவள் வாசலிலிருந்து கையை எடுத்தாள். மின்னல் படியேறி உள்ளே வந்தான்.

மழை எழுந்து செருப்பை மாட்டினான். மின்னலின் முகத்துக்கு நேரே நின்றான்.

"உங்கிட்ட உயிர்ப்பிச்சை வாங்கினதுக்கு, நான் விழுந்தே தொலைஞ்சிருக்கலாம்."

"அதைத்தானே நானும் சொன்னேன்" என்றான் மின்னல்.