பங்களா கரப்பானும் லயத்துக் கரப்பானும்

போன வாரம்தான் எங்கள் வீட்டு ஃபிரிட்ஜிலிருந்து அந்த மூன்று டின்களும் ஒழிந்தன. என் மனைவி ஃபிரிட்ஜைக் கழுவினாள், துடைத்தாள், மறுபடியும் கழுவினாள். "இனிமே இதுல சாப்பாடு வைக்கலாமா?" என்று சந்தேகமாகக் கேட்டாள்.

நியாயமான சந்தேகம்தான். தயிர்ச் சட்டிக்குப் பக்கத்தில் அத்தனை நாளாக இருந்தது என்ன தெரியுமா? கரப்பான் பூச்சி. உயிரோடு!

வைத்தது வேறு யாருமல்ல, என் தங்கை மகள் நிரோஷா. லுணுகலை ஊர்ப் பிள்ளை. ஆராய்ச்சிப் படிப்புக்காகப் பதுளையில் எங்களோடு தங்கியிருக்கிறாள். பூச்சிகளின் குடலில் குடியிருக்கும் பாக்டீரியாக்களை இனம் பிரிப்பதுதான் ஆராய்ச்சி. குளிரில் வைத்தால் கரப்பான் மயங்கிக் கிடக்குமாம். திங்கட்கிழமை லேபுக்குப் போகும்வரை எங்கள் ஃபிரிட்ஜில் வாசம்.

"இதப் படிச்சா வேலை கிடைக்குமா?" என்று கேட்டேன். எனக்கு எதிலும் சந்தேகம் வரும். 'இன்னைக்குப் பிடிச்சது' என்று மீன்காரர் சொன்னால் செவுளைத் தூக்கிப் பார்க்கிற ஆள் நான். கடலிலிருந்து மலைமேல் இருக்கும் பதுளைக்கு அது எத்தனை வளைவு ஏறி வரவேண்டும்... இன்றைக்குப் பிடித்ததாம்!

நிரோஷாவின் கணக்கு இதுதான். நமுனுகுல பக்கத்துத் தோட்டம் ஒன்றில் மேனேஜர் துரையின் பங்களா, தேயிலை பேக்டரி, தொழிலாளர்கள் வரிசை வீடுகளில் குடியிருக்கும் லயம் — மூன்று இடத்திலும் கரப்பான் பிடிக்க வேண்டும். இருக்கும் இடம் வேறு, தின்னும் தீனி வேறு. அப்படியானால் குடலுக்குள் இருக்கும் கூட்டமும் வேறாக இருக்குமா? பார்க்க வேண்டும்.

பிடித்துக் கொடுப்பவர் சிவலிங்கம் அண்ணன். பங்களாவில் சமையல் வேலை, லயத்தில் வீடு, பேக்டரியில் மச்சான்... இதைவிடத் தோதான ஆள் கிடைப்பாரா? வாரம் முழுக்கப் பிடித்து டின்னில் போட்டு வைப்பார். சனிக்கிழமை இவள் பசறை வழியாக பஸ்ஸில் போய் எடுத்து வருவாள்.

முதலில் லயத்து ஆட்கள் இவளை நம்பவில்லை. "லயம் அசிங்கமா இருக்குன்னு எழுதிக்குடுக்க தோட்டக் கம்பெனிதான் அனுப்பியிருக்கு" என்று பேசிக்கொண்டார்களாம். பங்களாவிலும் கரப்பான் இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் சந்தோஷமாக ஒத்துழைத்தார்கள்.

ஒரு நாள் லேபிலிருந்து முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தாள். முடிவு வந்துவிட்டது. மூன்று இடத்துக் கரப்பானின் குடலிலும் ஒரே பாக்டீரியாதான் கொடிகட்டிப் பறக்கிறது!

"அடி சக்கை!" என்று துள்ளினேன். பங்களா வயிறும் லயத்து வயிறும் ஒன்றா? இதைவிட நல்ல செய்தி உண்டா? பத்திரிகைக்கு நான் எழுதும் இந்தப் பத்திக்குத் தலைப்புகூட அப்போதே தயார். அவளுடைய பேராசிரியருக்கும் பரம திருப்தி. மாதக் கடைசிக்குள் எழுதிக் கொடு என்று சொல்லிவிட்டார்.

"எனக்கு நம்பிக்கை இல்ல மாமா" என்றாள் நிரோஷா. "சாயம் போட்டுப் பார்த்தாலும் அதேதான், மரபணுவைப் படிச்சாலும் அதேதான். இவ்வளவு ஒத்துமையா இருக்காது. எங்கயோ இருந்து ஒட்டிக்கிட்டு வந்திருக்கு."

"யாருக்குத் தெரியப்போகுது? குடுத்துட்டு வேலையப் பாரு."

முறைத்தாள். "தப்புன்னா என்னோட ஒரு வருஷ வேலை போச்சு. தெரிஞ்சுக்கிட்டே குடுத்தா நானே போச்சு, மாமா."

அதற்குப் பிறகு வீட்டில் பொலிஸ் விசாரணைதான். ஊசியைச் சந்தேகப்பட்டாள். தண்ணீரைச் சந்தேகப்பட்டாள். கையுறையைச் சந்தேகப்பட்டாள். கடைசியில் ஃபிரிட்ஜுக்கு வந்தாள்.

"அத்தை, கோவிச்சுக்காதீங்க... உங்க தயிர்ல ஒரு சொட்டு வேணும்."

"என்னது? என் தயிரையா சந்தேகப்படுற? எத்தனை வருஷமா இந்த உறையில தோய்க்கிறேன், தெரியுமா உனக்கு?"

அன்று எங்களுக்கு மோர்க்குழம்பு கிடையாது. தயிர் குற்றமற்றது என்று லேபில் தெரியும்வரை என் மனைவிக்கு யாரோடும் பேச்சும் கிடையாது. அடுத்தது நான். ஒரு டின்னை ஆசைக்குத் திறந்து பார்த்தேனாம். உள்ளங்கையில் பஞ்சைத் தேய்த்து எடுத்துப் போனாள். "நல்லாப் பாரு" என்றாள் மனைவி. நானும் விடுதலை.

மிச்சம் சிவலிங்கம் அண்ணன்தான். அந்தச் சனிக்கிழமை நானும் கூடவே போனேன். லயத்து அடுப்படித் தட்டில் டின்கள் வரிசையாக இருந்தன. அவர் மனைவி எங்களுக்குப் பால் விடாத பிளேன்டீயும் ரொட்டியும் வைத்தார்.

"அண்ணே, இந்த டின்னுக்குள்ள ஏதாச்சும் போடுறீங்களா?" என்று மெதுவாகக் கேட்டாள் நிரோஷா.

"சேச்சே! மருந்து கிருந்து எதுவும் போடல பாப்பா."

"மருந்து இல்லண்ணே. வேற ஏதாச்சும்?"

அண்ணன் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "ரொட்டி போடுவேன்."

"ரொட்டியா!"

"பின்ன? நீங்க வர்ற வரைக்கும் பட்டினியாவா கெடக்கும்? சாகப்போற உசுருங்க, பாவம் இல்லையா? முந்தின நாள் ரொட்டியப் பிச்சு மூணு டின்னுக்கும் ஒரே அளவாப் போட்டுருவேன். பங்களாவுதுக்குன்னு கூடப் போடல பாப்பா, சத்தியமா!"

நிரோஷாவுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. பிளேட்டில் இருந்த ரொட்டியைச் சாப்பிடாமல், நேற்றைய ரொட்டியில் ஒரு துண்டு கேட்டு வாங்கிப் பொதி கட்டிக்கொண்டாள். லேபில் அந்த ரொட்டியிலிருந்து முளைத்ததும் அதே பாக்டீரியாதான்.

பேராசிரியரிடம் அவளே போய்ச் சொன்னாள். மனிதர் அவள் குறிப்பேட்டை வாங்கிப் புரட்டினாராம். பிறகு, "முதல்ல இருந்து செய்" என்றாராம். போனது ஒரு வருடம்! அன்று குளியலறைக்குள் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். எனக்கும் மனசு கேட்கவில்லை.

ஒன்று உறுத்துகிறது. மீன் செவுளைத் தூக்கிப் பார்க்கிற நான், இந்தச் செய்தியை மட்டும் ஏன் திருப்பிப் பார்க்கவில்லை? எனக்குப் பிடித்திருந்தது, அவ்வளவுதான். நமக்குப் பிடித்த செய்தி வந்தால் சந்தேகமெல்லாம் லீவு போட்டுவிடுகிறது, இல்லையா?

மறுபடியும் தொடங்கினாள். இந்த முறை ரொட்டி கிடையாது, பிடித்த அன்றைக்கே எடுத்து வந்துவிட வேண்டும். போன வாரம் முடிவு வந்தது. பங்களாவுக்கு ஒரு கூட்டம், பேக்டரிக்கு ஒரு கூட்டம், லயத்துக்கு ஒரு கூட்டம். மூன்றும் வேறு வேறு. "இப்பதான் மாமா நம்புறேன்!" என்று குதித்தாள். அவளுக்காகச் சந்தோஷப்பட்டேன். உண்மையைச் சொன்னால், கொஞ்சம் வருத்தமாகவும் இருந்தது.

சிவலிங்கம் அண்ணனே எனக்குப் போன் எடுத்துப் பேசினார். "பாப்பா வேலை முடிஞ்சுதுங்களா, சேர்? அப்ப இனிமே அதுகளுக்கு ரொட்டி போடலாங்களா?"

பங்களாவுக்கும் லயத்துக்கும் ஒரே ரொட்டியை ஒரே அளவாகப் போட்டால் வயிறும் ஒன்றாகிவிடும் என்று அந்த மனிதர் செய்தே காட்டியிருக்கிறார்... நாங்கள்தான் அதைப் பிழை என்று குப்பையில் போட்டோம்!