போறேன் என்று சொல்லக் கூடாது

இன்று காலை திருமங்கலம் பஸ்ஸில் என் பக்கத்தில் கப்பலூர் தொழிற்பேட்டை ஃபிட்டர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். கம்பெனி அவரை அடுத்த மாதம் மிஷின் பயிற்சிக்கு ஜப்பான் அனுப்புகிறதாம். கையில் சைக்ளோஸ்டைல் பாடத் தாள்கள். முதலில் ஆங்கிலம்.

"ஐ ஆம் கோயிங். ஐ ஆம் கோயிங்."

முன் சீட்டிலிருந்து அவருடைய அம்மா திரும்பினார். "அதுக்கு என்னடா அர்த்தம்?"

"போறேன்."

"வாயக் கழுவுடா. கடல் தாண்டிப் போற புள்ள பேசுற பேச்சா இது?"

அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. என்னைப் பார்த்தார்.

"தம்பி என்ன படிச்சிருக்கீக?"

"இங்கிலீஷ் எம்.ஏ."

"அப்ப நீங்க சொல்லுங்க. போயிட்டு வாரேன்னு இங்கிலீஷ்ல எப்படிச் சொல்லணும்?"

யோசித்துவிட்டு, "ஐ வில் கம் பேக். திரும்பி வருவேன்னு அர்த்தம்," என்றேன்.

"அது சண்டைக்காரன் சொல்றது மாதிரில்ல இருக்கு."

மகன் ஜப்பானியத் தாளை எடுத்தார். அங்கே வீட்டிலிருந்து கிளம்புகிறவர் 'இத்தெகிமாஸ்' என்பாராம். போயிட்டு வாரேன். வீட்டில் இருப்பவர் 'இத்தெராஷ்ஷாய்' என்பாராம். போயிட்டு வா.

"நெசமாவாடா? அப்ப அவுகளும் நம்மள மாதிரிதான்."

திருப்பரங்குன்றம் வரை பாடம் நடந்தது. கோயிலுக்காக இறங்கிய அம்மா ஜன்னலோரம் வந்து நின்றார். மகன் கூச்சத்தோடு, "இத்தெகிமாஸ்," என்றார்.

பஸ் நகர்ந்துவிட்டது. அம்மா கூடவே வேகமாக நடந்து வந்து கத்தினார்.

"இத்தெராஷ்ஷாய்டா!"

மகன் இன்று போவது ஷிஃப்டுக்குத்தான். ஆனாலும் கப்பலூர் வரை தாளைத் திறக்கவில்லை.

ஆங்கிலம் படித்த நண்பர்களே, அந்த அம்மாவின் கேள்வி இன்னும் அப்படியே இருக்கிறது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள். சண்டைக்காரன் சொல்வது மாதிரி மட்டும் இருக்கக் கூடாது.