வாத்தியாரின் நீலப் பை

நீல வெல்வெட் பை. மேலே எனக்கு வாசிக்கத் தெரியாத பொன்னெழுத்து. ஒஸ்லோவில் தனியே வாழும் முதியோரின் வீடுகளைத் துப்புரவு செய்யும் நான் அதை இன்றும் மறக்கவில்லை.

அதன் சொந்தக்காரர் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். யூதர். ஒரு சனிக்கிழமை, மூலைகளில் முடிச்சு நூல்கள் தொங்கும் வெள்ளைச் சால்வையைப் போர்த்தி அவர் தொழுததைக் கதவிடுக்கால் கண்டிருந்தேன். பின்னொரு நாள் நான் தூசி துடைக்கையில் அந்தப் பை சரிந்தது. சால்வையோடு கறுப்புத் தோல்வார்களும் இரண்டு சின்னத் தோற்பெட்டிகளும் வெளியே வந்தன. பதறிப்போனேன். சாமித் துணியோடு தோலா? கோயிலுக்குப் போகையில் தோல் இடுப்புப் பட்டியைக்கூடக் கழற்றி வைக்கும் குடும்பம் எங்களுடையது. சால்வையை மடித்துப் பைக்குள் வைத்தேன். தோல் சாமான்களைச் சப்பாத்து அலுமாரியில், பனிச் சப்பாத்துகளுக்குப் பின்னால் தள்ளினேன். புண்ணியம் செய்த நினைப்பு வேறு!

மறுமுறை போனபோது கதவில் இருந்த அவருடைய யூதப் பெயர்ப்பலகையைக் காணவில்லை. வாத்தியார் கதவுச் சங்கிலியை எடுக்காமலே இடுக்கால் பார்த்தார். உள்ளே விட்டதும் குரலைத் தாழ்த்தினார்.

"யாரோ வீட்டுக்குள் வந்து போயிருக்கிறார்கள். வேறொன்றையும் தொடவில்லை. தொழுகையில் நான் கையிலும் நெற்றியிலும் கட்டும் தெஃபிலினை மட்டும் எடுத்திருக்கிறார்கள். என் அப்பாவுடையது."

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், யூதர் என்பதற்காகவே அந்த அப்பாவைப் பிடித்துக்கொண்டு போனார்கள், அவர் திரும்பவேயில்லை என்று முன்பே சொல்லியிருந்தார். உண்மையைச் சொல்லாமல் துடைக்கும் துணியை எடுத்தேன். வேலை போய்விடும் என்ற பயம் ஒருபுறம். வெறுப்பில் செய்தாள் என்று நினைத்துவிடுவாரோ என்ற பயம் அதைவிடப் பெரிது.

ஹவுகன்ஸ்டுவாவில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்து கணவரிடம் அழுதேன். "பேசாமல் பைக்குள்ளை திருப்பி வைச்சுவிடட்டோ?"

"வைச்சால், வந்தவன் திரும்பியும் வந்திட்டான் எண்டெல்லோ அந்த மனுசன் பயப்பிடும். இப்பவே போய் உள்ளதைச் சொல்லும்."

போய்ச் சொல்லி, அலுமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். தோல் எங்களுக்குத் தீட்டு என்றதை அவர் நம்பினாரோ தெரியாது. தோற்பெட்டியை உதட்டில் ஒற்றிக்கொண்டு, "உள்ளே எங்கள் வேத வசனம் இருக்கிறது" என்றார். பிறகு சப்பாத்து அலுமாரியையே பார்த்துக்கொண்டு நின்றார். "நல்ல இடம்தான். அங்கே யாரும் தேடமாட்டார்கள்."

மன்னித்துவிட்டுப் பகிடி விடுகிறார் என்று நானும் சிரித்தேன். ஆனால் பெயர்ப்பலகையை அவர் திரும்ப மாட்டவேயில்லை.

இந்தப் பனிக்காலத்தில் அவர் காலமானார். வீட்டுச் சாமான்களை ஒதுக்க வந்த மகள் எல்லா அறைகளிலும் தேடிக் களைத்து, அப்பாவின் நீலப் பையைக் கண்டீர்களா என்று என்னிடம் கேட்டார். மெல்லப் போய்ச் சப்பாத்து அலுமாரியைத் திறந்தேன். பனிச் சப்பாத்துகளுக்குப் பின்னால், வெள்ளைத் துவாயில் சுற்றியபடி இருந்தது. மகள் துவாயை விரித்தார். உள்ளே நீலப் பை. ஒளித்துவைக்க அந்த இடத்தை வாத்தியாருக்குக் காட்டியவள் நான்.