சோணைமுத்து வாயை மூடிய வாரம்

சோணைமுத்துவின் வாய் ஓய்ந்து நான் பார்த்ததில்லை. சிவகங்கைப் பக்கத்திலிருந்து வந்து எங்கள் பனியன் கம்பெனியில் வேன் ஓட்டுகிறான். காலையில் மங்கலத்தில் வண்டி கிளம்பினால் கம்பெனி கேட் வரைக்கும் பேச்சுதான். எந்த லைன் வீட்டில் சண்டை, மேனேஜர் யாரை வைதார், எல்லாம் வந்துவிடும். தன் மச்சினன் ஊரை விட்டு ஓடிய கதையையே நாலு தரம் சொல்லியிருக்கிறான். நான் அயர்ன் மாஸ்டர், முன்சீட்டில் உட்காருகிறவன். திட்டியும் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வேன்.

அப்படிப்பட்டவனிடம்தான் ஆஸ்பத்திரியில் அதைச் சொன்னார்கள்.

டெய்லர் அனிதா, பேரை மாற்றித்தான் எழுதுகிறேன், வேலை நேரத்தில் மயங்கி விழுந்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். டிஸ்சார்ஜ் அன்றைக்கு அழைத்துவரக் கம்பெனி இவனை அனுப்பியது. அவள் அம்மாவுக்கு நடக்க முடியாது, வேறு ஆளும் இல்லை. அனிதா உள்ளே துணி மாற்றிக்கொண்டிருந்தாள். நர்ஸ் வராந்தாவுக்கு வந்து, "அனிதா கூட வந்தது யாரு?" என்றார். இவன் எழுந்து நின்றான். வேன் டிரைவர் என்று சொல்வதற்குள் நோயின் பேர், மாத்திரை, எத்தனை வருஷம் போட வேண்டும் என்று அத்தனையும் சொல்லிவிட்டார். அனிதா கதவைப் பிடித்தபடி நின்றிருந்தாளாம். வண்டியில் வரும்போது ஒன்றுதான் சொன்னாள்.

"அண்ணா, இது தெரிஞ்சா என்னை மிஷின்ல உக்கார வெக்க மாட்டாங்க."

மாத்திரை விடாமல் போட்டால் வேலைக்குப் போகலாம் என்று டாக்டரே சொல்லியிருக்கிறார். நோயின் பேரைக் கேட்டபிறகு கம்பெனியில் யார் அதையெல்லாம் காதில் வாங்குவார்கள்? இவ்வளவும் சோணைமுத்து அப்புறம் தனியாக என்னிடம் மட்டும் சொன்னது. நோய் என்னவென்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

மறுநாள் வேனில் சத்தமே இல்லை. வாயைத் திறந்தால் எது விழுந்துவிடுமோ என்று அவனுக்குப் பயம். துணி செக்கிங் பார்க்கிற கமலாம்பாள் சும்மா விடுவாளா?

"ஏனுங் சோணை, வாயில ஓவர்லாக் தையல் அடிச்சுட்டாங்களா?"

"தொண்ட சரியில்லக்கா."

"படுத்துக் கெடந்தது அந்தப் புள்ள, தொண்டை கட்டுனது உங்களுக்குங்களா?"

எல்லாரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியபிறகு குசுகுசுப்பு. ஊர்க்கதை பூராவும் சொல்கிறவன் இதை மட்டும் விழுங்குகிறான் என்றால், வெளியே சொல்லக் கூடாததாகத்தானே இருக்கும்? கல்யாணமாகாத பெண் வேறு. வாரம் முடிவதற்குள், அனிதா கருவைக் கலைத்துவிட்டு வந்திருக்கிறாள் என்று பேசி முடித்துவிட்டார்கள்.

சோணைமுத்துவுக்குச் சோறு இறங்கவில்லை. உண்மையைச் சொன்னால் மிஷின் போகும், சொல்லாவிட்டால் அவள் பேர் போகும். ஞாயிற்றுக்கிழமை என்னையும் இழுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனான். நான் வாசலோடு நின்றேன். வேனில் நடக்கிறதையெல்லாம் சொல்லிவிட்டு அவன் கேட்டான்.

"ஏத்தா, மஞ்சக்காமாலைன்னு ஒரு பொய்யச் சொல்லிரவா?"

"வேண்டாங்ணா. எதைச் சொன்னாலும் தோண்டுவாங்க."

"அப்ப நான் என்னதேன் செய்ய?"

"பழையபடி பேசுங்ணா. நீங்க பேசாம வண்டி ஓட்டறதுதான் அவங்களுக்குச் சேதி."

அவன் முகம் செத்துவிட்டது. அவளுக்காகத்தானே வாயை மூடினான்.

திங்கட்கிழமை அனிதா வேலைக்கு வந்தாள். பின்சீட்டில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். வண்டி கிளம்பியதும் சோணைமுத்து மச்சினன் கதையை எடுத்தான், ஐந்தாம் தரமாக. கமலாம்பாள்கூடச் சிரித்தாள். ஆனால் இரண்டு பெண்கள் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டு வந்தார்கள். அனிதாவுக்குப் பக்கத்து இடம் காலியாகவே கிடந்தது. சோணைமுத்து கண்ணாடியில் அதைப் பார்த்தான். பார்த்துக்கொண்டேதான் பேசினான்.

கேட் வந்தது. அனிதா இறங்கி நேரே தன் மிஷினுக்குப் போனாள். எல்லாரும் இறங்கியபிறகும் அவன் மச்சினனை விடவில்லை. கேட்பதற்கு நான் ஒருவன்தான் இருந்தேன். கேட்டேன்.