முஷ்டி மூடினால் நிறுத்து

மனைவி ஞானசெல்வி குழம்பு ஊற்றும்போது தவசிமுத்து வாய் திறப்பதில்லை. உள்ளங்கையைக் கவிழ்த்து விரல்களை மெதுவாக அசைத்தால் இன்னும் ஊற்ற வேண்டும். முஷ்டியை மூடினால் போதும்.

"வாயத் தொறந்து சொன்னா முத்தா கொட்டிடும்? நான் இன்னா கிரேனா?" என்பாள் ஞானசெல்வி.

துறைமுகத்தில் அவர் சிக்னல்மேனாக இருந்தார். கப்பல் தளத்தில் நின்று இதே கையசைவில் 'இறக்கு', 'நிறுத்து' என்பார். உயரே கிரேன் கூண்டுக்குள் இருக்கும் மஜீது அந்தக் கையை மட்டும் பார்த்துச் சரக்கை இறக்குவார். அந்த இரைச்சலில் பேச்சு எடுபடாது. மஜீதின் தலை சாய்ந்திருக்கும் விதத்தை வைத்தே வீட்டில் சண்டையா, வயிற்றுவலியா என்று தவசிமுத்து சொல்லிவிடுவார். ஓய்வு பெற்ற பிறகு இருவரும் கல்மண்டபம் டீக்கடை பெஞ்சில், சாலைக்கு முதுகு காட்டி உட்காருவது வழக்கம்.

போன மாதம் ஒரு காலை, தவசிமுத்து பின்னாலிருந்து "இன்னா மாமு, சொகமா?" என்றார். மஜீது திரும்பவில்லை. மறுநாளும் அப்படியே. தவசிமுத்து எதிர்ச்சாரிக் கடைக்கு மாறிவிட்டார். மஜீதும் தேடி வரவில்லை.

"அவன் பொண்ணு நிக்காவுல பிரியாணிக்கு உப்பு பத்தலன்னேன். அத்த மன்சுல வெச்சிகினு கீறான்."

"நேரா போய்க் கேளேன்யா. அதுக்கு எங்க மேல ஏன் வள்ளுனு வுழுற?" என்றாள் ஞானசெல்வி.

"அவன் மன்சு எனக்குத் தெரியாது?"

சோறு பாதியில் நின்றது. தூக்கமும் சரியில்லை. தெருவில் யார் சிரித்தாலும் தன்னைத்தான் என்று தோன்றியது.

நேற்று, துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரி ஒன்று டீக்கடை வாசலில் ஏர்ஹாரனை அலறவிட்டது. கடைக்காரர் காதைப் பொத்திக்கொண்டார். பெஞ்சடியில் படுத்திருந்த நாய் வாரிச் சுருட்டிக்கொண்டு ஓடியது. மஜீதின் தோள் மட்டும் அசையவே இல்லை.

எதிர்ச்சாரியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த தவசிமுத்து டீயைப் பாதியில் வைத்தார்.

"அய்ய... காது பூட்ச்சா மாமு? மறைச்சிகினா கீற?"

சாலையைக் கடந்து மஜீதின் முன்னால் போய் நின்றார். மஜீது நிமிர்ந்து பார்த்தார். வாயருகே கிளாஸோடு அப்படியே இருந்தார். தவசிமுத்து உள்ளங்கையைக் கவிழ்த்து விரல்களை மெதுவாக அசைத்தார். மஜீதின் கண் அந்தக் கையிலேயே நின்றது. கிளாஸ் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. பெஞ்சைத் தொட ஒரு நூல் இடைவெளி இருக்கும்போது தவசிமுத்து முஷ்டியை மூடினார்.

கிளாஸ் அங்கேயே நின்றது.