ஓடுற பஸ்ஸில் ஒரு ஹோல்டான்

போன வருசம் ஐப்பசி மாசம், நல்ல அடைமழை. சின்னமனூர்ல இருந்து தேனிக்குப் போற ஒரு தனியார் பஸ்ஸுலதான் இது நடந்துச்சு. அன்னைக்கு அந்தப் பஸ்ஸுல வந்தவுக யாராச்சும் இதைப் படிச்சா, வண்டியை நடுரோட்டுல நிக்க வச்சது எங்க வீட்டுக்காரர்தான்னு தெரிஞ்சுக்கங்க. மன்னிப்பெல்லாம் கேக்க மாட்டேன்.

அவுக இருபத்தாறு வருசம் பஸ் கண்டக்டரா இருந்தவுக. கம்பத்துக்கும் தேனிக்கும் நடுவுல அவுக குரல் கேக்காத ஸ்டாப்பிங் கிடையாது. இன்ஜின் சத்தத்துக்கு மேல கத்திப் பழகி, வீட்டுலயும் அதே சத்தம்தான். உப்பு கேட்டாகன்னா அடுத்த வீட்டுல இருந்து எடுத்துட்டு வந்துருவாக. அப்பேர்ப்பட்ட மனுசனுக்கு அதுக்கு முந்தின வருசம் பக்கவாதம் வந்துருச்சு. கையும் காலும் நாலஞ்சு மாசத்துல ஓரளவு தேறிருச்சு. பேச்சு மட்டும் வரல. வாயைத் தொறந்தா வண்டியைக் கிளப்பச் சொல்ற 'ரைட்'தான் வரும். எப்பவாச்சும் நிறுத்தச் சொல்ற 'ஹோல்டான்' வரும். பசிச்சாலும் ரைட், தலை வலிச்சாலும் ரைட்.

தெருவுல சிரிச்சாக. சிரிச்சுட்டுப் போறாகன்னு விட்டுட்டேன். ஆனா அவுக கூட்டாளி ஒருத்தர் இறந்து, துக்கத்துக்குப் போனோம் பாருங்க, அங்கனதான் மானம் போச்சு. அந்தக் கூட்டாளி சம்சாரம் இவுக கையைப் பிடிச்சுக்கிட்டுக் கதறுது. இவுக கண்ணுலயும் தண்ணி. ஆறுதல் சொல்லணும்னு வாயைத் தொறந்தாக. "ரைட், ரைட், போலாம் ரைட்!"னு வந்து விழுந்துச்சு. பாடை கட்டிக்கிட்டிருக்குற வீட்டுல அப்படிச் சொன்னா எப்படி இருக்கும்? ஒருத்தர் வாயைப் பொத்திக்கிட்டு வெளிய ஓடினாரு. அன்னைக்கு வீட்டுக்குள்ள போய் உக்காந்தவுகதான், அப்புறம் வாசப்படி தாண்டல. புத்தி பிசகிருச்சுன்னு ஊருல பேசினாக. சொல்ல வெக்கமா இருக்கு, நானும் பாதி அப்படித்தான் நம்பிட்டேன்.

தேனியில பேச்சுப் பயிற்சி கொடுக்குறாகன்னு கேள்விப்பட்டு, ஒரு கை பாத்துருவோம்னு இழுத்துட்டுப் போனேன். பயிற்சி கொடுத்த பொண்ணுக்கு எங்க மக வயசுதான் இருக்கும். இதுக்குப் பேரு அஃபேசியா, அவருக்கு எல்லாம் புரியுது, புத்தியில ஒரு குறையும் இல்லை, சொல்ல வேண்டிய வார்த்தைதான் சிக்க மாட்டேங்குதுன்னு விளக்கிச் சொல்லுச்சு. எல்லாம் புரிஞ்ச மனுசனைப் பக்கத்துல வச்சுக்கிட்டே, இவருக்கு ஒண்ணும் தெரியாதுன்னு வர்றவுககிட்டயெல்லாம் சொல்லிக்கிட்டிருந்தேன்!

"காலையில என்ன சாப்பிட்டீங்க, கண்டக்டர் சார்?"னு அந்தப் பொண்ணு கேட்டுச்சு.

"நாலு இட்லி, தக்காளிச் சட்னி"ன்னு சொன்னது நான்.

"அம்மா, நான் உங்களைக் கேக்கல."

சுருக்குன்னுச்சு. ஆனா அடுத்த கேள்விக்கும் நாந்தான் பதில் சொன்னேன். என் வாய் அப்படி. எங்கிட்ட ஜாக்கெட் தைக்கக் கொடுக்க வர்றவுக கழுத்து எப்படி வேணும்னு ஆரம்பிச்சாலே நான் சொல்லி முடிச்சுருவேன். அவர் வார்த்தையைத் தேடி எடுக்குறதுக்குள்ள நீங்க கொடுத்துட்டா அவர் ஏன் தேடணும், மனசுக்குள்ள பத்து வரைக்கும் எண்ணிக்கிட்டு இருங்கன்னு அந்தப் பொண்ணு சொல்லுச்சு. எனக்கு மூணுக்கு மேல எண்ண வராது.

வாரத்துக்கு ரெண்டு நாள், மழையோ வெயிலோ, போனோம். படம் காட்டி, மேசையில தாளம் தட்டி, கண்ணாடி முன்னாடி உதடு அசைச்சு, என்னென்னமோ செஞ்சாக. ஒருநாள் அந்தப் பொண்ணு 'கம்பம்'னு எடுத்துக் கொடுத்ததும், "உத்தமபாளையம், சின்னமனூர், வீரபாண்டி, தேனி"ன்னு கடகடன்னு வந்துருச்சு! எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. ஆனா தேனியை மட்டும் தனியாச் சொல்லுங்கன்னா வரல. வரிசையா ஓடி வந்தாத்தான் அது வரும்.

இனிமே பஸ்ஸுல டிக்கெட்டை அவர்தான் கேட்டு வாங்கணும்னு அந்தப் பொண்ணு சொல்லி அனுப்புச்சு. ரெண்டு தடவை நான் முந்திக்கிட்டு வாங்கிட்டேன். ரெண்டு தடவையும் அவுக ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டாக. அப்பவாவது எனக்கு உறைச்சிருக்கணும்.

மூணாவது தடவைதான் அந்த மழை நாள். பஸ்ஸுல நிக்க இடமில்லை. கண்டக்டர் எப்படியோ இடிச்சுப் பிடிச்சு வந்து "எங்க போகணும்?"னு கேட்டாரு. இவுக உதடு துடிக்குது. ஒண்ணும் வரல. பின்னாடி ஒருத்தர் உச்சுக் கொட்டினாரு. கண்டக்டர் என்னைப் பாத்தாரு. பத்து வரைக்குமாவது, எண்ணுறதாவது! வாயைத் தொறந்து "தே..."ன்னுட்டேன்.

"ஹோல்டான்!"

இருபத்தாறு வருசத்துத் தொண்டை அது. என் முகத்துக்கு நேரா கையை நீட்டிக்கிட்டு அவுக போட்ட சத்தத்துல டிரைவர் பிரேக்கை மிதிச்சுட்டாரு. நின்னவுக எல்லாம் ஒருத்தர் மேல ஒருத்தர் சாஞ்சாக. ஒரு கூடைத் தக்காளி உருண்டு போச்சு. "யாருய்யா ஹோல்டான் சொன்னது?"ன்னு டிரைவர் திரும்பிக் கத்துறாரு. அவுக என்னையே முறைச்சுக்கிட்டிருந்தாக. தானா வந்து விழுந்த வார்த்தை இல்லை அது. எனக்குன்னே எடுத்துச் சொன்னது.

அப்புறம் கண்ணை மூடிக்கிட்டு, "கம்பம்..."னு ஆரம்பிச்சாக.

"கம்பமா? இது தேனி போற வண்டி பெரியவரே, இறங்குங்க"ன்னாரு கண்டக்டர்.

நான் வாய் மேல கையை வச்சு அழுத்திக்கிட்டேன். நல்லவேளை, தக்காளிக்காரம்மா குறுக்க வந்துச்சு. "ஏப்பா, அவுக என்னமோ சொல்ல வர்றாகல்ல? செத்த பொறுக்க மாட்டியாக்கும்!"

"உத்தம... பாளையம்." மழைச் சத்தம் மட்டும் கேக்குது. "சின்ன... மனூர்." டிரைவர்கூட ஸ்டியரிங்கை விட்டுட்டுத் திரும்பிப் பாக்குறாரு. "வீர... பாண்டி." நெத்தியெல்லாம் வேர்வை. "தேனி." கண்ணைத் தொறந்தாக. "ரெண்டு."

டிக்கெட்டைக் கையில வாங்கிக்கிட்டு, முன்னாடி டிரைவரைப் பாத்து, "ரைட்!"னாக பாருங்க, பஸ்ஸே சிரிச்சுச்சு. அவுகளும் சிரிச்சாக. நான்தான் தேனி வர்ற வரைக்கும் முந்தானையில முகத்தைத் துடைச்சுக்கிட்டே வந்தேன்.

அதுக்கப்புறம் அவுக வீட்டுக்குள்ள அடைஞ்சு கிடக்கல. பதினஞ்சு நாள் ஒரே வார்த்தையைப் பழகிக்கிட்டு, அந்தக் கூட்டாளி வீட்டுக்கு அவுகளே நடந்து போய், அங்கன மாட்டியிருந்த அவர் படத்தைக் காட்டி "நல்லவன்"னு சொல்லிட்டு வந்தாக. இன்னைக்கும் பேச்சு முழுசா வந்துடல. சின்னச் சின்னதா நாலு வார்த்தை கோத்துப் பேசுவாக. மாசம் ஒரு சனிக்கிழமை, இவுகளை மாதிரியே பேச்சு போனவுக ஏழெட்டுப் பேரு குடும்பத்தோட தேனியில கூடுறோம். அங்கன எந்தச் சம்சாரமாவது, எந்த மகனாவது முந்திக்கிட்டுப் பதில் சொன்னா, கையை நீட்டி எல்லாருமாச் சேர்ந்து "ஹோல்டான்!"னு ஒரு சத்தம் போடுவோம். அதிகமா வாங்குறது இப்பவும் நான்தான்.

இத்தனை வருசம் குடும்பம் நடத்தியும், அவுக ஒரு பேச்சைச் சொல்லி முடிக்கிற வரைக்கும் நான் காத்திருந்தது அன்னைக்குத்தான், அதுக்கு அவுக ஓடுற பஸ்ஸையே நிறுத்த வேண்டியிருந்துச்சு.